ஊருக்குப் போய் வச்சுக்கலாம்

வளைகுடாவில் வாழும் நம் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போன பேச்சு ஒன்று உண்டு: “செடி, கொடி, தோட்டம் எல்லாம் ஊருக்குப் போய் வச்சுக்கலாம்.” ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் இதைச் சொல்கிறார்கள். தோஹாவில் இருக்கும் சித்தி மகள் சொல்கிறாள். மஸ்கட்டில் இருக்கும் அண்ணனும் இதையேதான் சொல்கிறார். இப்படிச் சொல்பவர்களில் பலர் இங்கே வந்து இருபது வருடங்களைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்து, கல்லூரிக்கும் போய்விட்டார்கள். பால்கனியைப் பார்த்தால் காயப்போட்ட துணி, பழைய சைக்கிள், ஊருக்குக் கார்கோவில் அனுப்பக் கட்டிவைத்த அட்டைப்பெட்டி. ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது.

பக்கத்து பிளாட்டில் இருக்கும் பெண் ஒருநாள் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துவிட்டு, “எதுக்குக்கா இந்த வேலை? நாளைக்கே விசா கேன்சல் ஆச்சுன்னா இதை யார்கிட்ட கொடுத்துட்டுப் போவீங்க?” என்று கேட்டாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. இங்கே நம் இருப்பு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டும். முப்பது வருடம் இருந்தாலும் இந்த மண் நமக்குப் பட்டா தராது. ஆனால் முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அக்டோபரில் நட்ட தக்காளி ஜனவரியில் காய்க்கும். இரண்டு வருட விசாவில் எத்தனை பட்டம் விதைக்கலாம், எத்தனை கட்டுக் கீரை பறிக்கலாம்! செடியை யாரிடம் விட்டுப்போவது என்ற கவலையில் செடியே வைக்காமல் இருபத்தைந்து வருடத்தைக் கழிப்பது என்ன கணக்கு?

“இது பாலைவனம், இங்கே என்ன முளைக்கும்?” என்பது அடுத்த பதில். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு முறை, ஊர் ஞாபகத்தில் ஜூன் மாதமோ ஜூலை மாதமோ விதை போட்டுப் பார்த்தவர்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் ஊர் மழைக்குச் சொன்னது. இங்கே ஆடி மாதம் வெயில் உச்சத்தில் நிற்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டமே இருக்கிறது. மனிதனுக்கே ஆகாத வெயிலில் கொத்தமல்லி நாற்று எப்படி நிற்கும்?

இந்த மண்ணுக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் விடியலுக்கு முன் தெற்கு வானில் சுஹைல் என்ற நட்சத்திரம் தெரியத் தொடங்கும். அதைக் கண்டதும் கொடுங்கோடை முடிந்தது, இரவு குளிரத் தொடங்கும் என்று இங்கத்திய மீனவர்களும் பேரீச்சை விவசாயிகளும் தலைமுறை தலைமுறையாகக் கணித்து வந்திருக்கிறார்கள். அந்த சுஹைல் வேறு யாருமில்லை, நம் பாட்டிமார் காட்டிய அகத்தியர் நட்சத்திரம்தான். அது தெரிந்த பிறகு மண்ணைத் தயார் செய்து, புரட்டாசி முடிவில் நாற்று விட்டால் தக்காளி, கத்தரி, மிளகாய், வெந்தயக்கீரை, அவரை எல்லாம் பங்குனி வரை குறையில்லாமல் வரும். ஐப்பசிதான் இங்கே நமக்கு ஆடி. கோடையிலும் முருங்கையும் வேம்பும் கற்றாழையும் தாக்குப்பிடிக்கும். மதியத்தில் நிழல் கிடைத்தால் மல்லிகையும் கறிவேப்பிலையும் பிழைத்துக்கொள்ளும்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. துபாயில் வர்சான் பக்கம் வரிசையாகச் செடிக் கடைகள். அபுதாபியில் மீனா துறைமுகத்தை ஒட்டிச் செடிச் சந்தை. ஃபுஜைரா போகும் வழியில் மசாஃபியின் வெள்ளிக்கிழமைச் சந்தை. உப்பில்லாத மணலை இங்கே ‘ஸ்வீட் சாண்ட்’ என்று மூட்டையில் விற்கிறார்கள். அதோடு மக்கிய மாட்டுச் சாணமும், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வரும் தென்னை நார்க்கழிவும் கலந்தால் தொட்டி மண் தயார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் வேரை வேகவைத்துவிடும். வாளியில் பிடித்து இரவு முழுக்க ஆறவிட்டு, விடியலில் ஊற்ற வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. புழுக்கம் மிகுந்த நாட்களில் வாளி வாளியாகச் சாக்கடைக்குப் போகிறது. கடல்நீரை எரிசக்தி செலவழித்து நன்னீராக்கிக் குடிக்கும் நாட்டில், சும்மா கிடைக்கும் இந்தத் தண்ணீரை ஒரு தொட்டிக்குத் திருப்ப ஒரு முழம் குழாய் போதும். எத்தனை வீட்டில் செய்திருக்கிறோம்?

குடியிருப்பவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் கட்டட நிர்வாகம் ஒருநாள் நாத்தூரிடம் (கட்டடக் காவலாளியிடம்) கொடுத்துவிட்ட நோட்டீஸில், பால்கனியில் எந்தத் தொட்டியும் இருக்கக் கூடாது என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்காதே என்றால் நியாயம். பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் உயிர் போகும். கீழ்வீட்டுத் துணியில் சொட்டாமல் அடியில் தட்டு வை என்றால் அதுவும் நியாயம். ஆனால் தரையில் தட்டின் மேல் வைத்த துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் என்ன தடை? அதே கட்டடத்தின் மொட்டைமாடி தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவுமாக வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. வாடகை உயர்த்தும் நாளில் மட்டும் குடியிருப்பவர்களை நினைவுவைத்துக்கொள்பவர்கள், மாடியில் ஒரு மூலையை நிழல்வலை கட்டிக் கொடுத்தால் நான்கு குடும்பமாவது கூடி வெண்டையும் கீரையும் போடும். கேட்டால் பதில் இல்லை. கேட்பதற்கும் நாம் நாலு பேர் சேர்வதில்லை.

செடிக்கு இடமில்லை என்றே வைத்துக்கொள்வோம். நடப்பதற்கு என்ன தடை? நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம் இங்கே அடிக்கும் காற்றை நம் கடலோர ஊர்களில் மார்கழியில் மட்டும்தான் அனுபவிக்கலாம். அந்த ஐந்து மாத வார விடுமுறைகளையும் மால்களுக்குள் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். கோடையில் மாலுக்குள் நடப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், வேறு வழியில்லை. ஜனவரி மாதக் காலையிலும் நான்கு சுவருக்குள், ஏசி குளிரில், பார்த்த கடையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைவதுதான் பொறுக்க முடியவில்லை.

நகரத்தின் பங்கும் இதில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் தெரியும் பூங்காவுக்குப் போக, எட்டு வழிச் சாலையைச் சுற்றி காரில் போக வேண்டிய நிலை பல பகுதிகளில் உண்டு. 2024 டிசம்பரில் துபாய் அரசு ‘துபாய் வாக்’ என்ற திட்டத்தை அறிவித்து, 2040க்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடைபாதைகளையும் 110 நடைமேம்பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் அமைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது. நல்லது, வரட்டும். ஆனால் இருக்கிற இடங்களுக்கே நாம் போகவில்லையே!

ஷார்ஜாவில் வாசித் ஈரநிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம். அதைச் சுத்தம் செய்து, நீர்நிலைகளை மீட்டு, 2015இல் பறவைகள் மையமாகத் திறந்தார்கள். 2019இல் அதற்கு ஈரநிலங்களுக்கான ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது, அதன் கட்டடத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருதும் கிடைத்தது. சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேடு உயர்ந்ததைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நாம். 2022இல் பள்ளிக்கரணைக்கும் ராம்சர் பட்டம் கிடைத்தது, குப்பைமேட்டின் தழும்பு இன்னும் போகவில்லை. குப்பைமேட்டை மீண்டும் நீர்நிலையாக்க முடியும் என்பதற்கு அத்தாட்சி நம் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. ஷார்ஜாத் தமிழர்களில் எத்தனை பேர் தம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள்?

துபாயின் ராஸ் அல் கோர் இன்னொன்று. அமீரகத்தின் முதல் ராம்சர் தலம், 2007இல் அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். கோடியக்கரையில் அதே பூநாரையைப் பார்க்க வேதாரண்யம் வரை பயணம் போவோம். இங்கே தினமும் அலுவலகம் போகிற நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே நிற்கிறது, கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதில்லை. அபுதாபியில் ஜுபைல், ஷார்ஜாவின் கிழக்குக் கரையில் கல்பா என அலையாத்திக் காடுகள் இருக்கின்றன. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் சேற்றிலிருந்து மூச்சு வேர்களை நீட்டி நிற்கும் அதே வெண்கண்டல்தான். 2030க்குள் 10 கோடி அலையாத்திக் கன்றுகள் நடுவோம் என்று அமீரகம் உலக மேடையில் வாக்குக் கொடுத்திருக்கிறது.

பறவைகளைச் சொன்னால் இன்னும் ஆதங்கம் கூடும். பூங்காவின் புல்வெளியில் கொண்டலாத்தி கொத்துகிறது. விளக்குக் கம்பத்தில் பனங்காடை உட்கார்ந்திருக்கிறது. புதருக்குள்ளிருந்து கவுதாரி கத்துகிறது. ஆட்காட்டி, பச்சைக்கிளி, கொண்டைக்குருவி, ஊதாத் தேன்சிட்டு எல்லாம் இங்கே இருக்கின்றன. நம் தாத்தா காட்டு வழியில் பெயர் சொல்லிக் காட்டிய பறவைகள் இவை. நம் பிள்ளைகள் இவற்றோடு ஒரே தெருவில் வளர்ந்தும் ஒன்றின் பெயரும் தெரியாமல் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறார்கள். பெயர் சொல்ல நாம் பக்கத்தில் நடக்கவில்லை என்பதுதான் காரணம். அபுதாபியில் 1977இலேயே எமிரேட்ஸ் இயற்கை வரலாற்றுக் குழு தொடங்கப்பட்டு, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களே இந்த மண்ணின் செடிகளையும் பறவைகளையும் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் ஆய்விதழின் பெயர் டிரிபுலஸ். நம் ஊர் நெருஞ்சியின் பேரினப் பெயர் அது. வேலைக்கு வந்தவர்கள்தான் அவர்களும். அவர்களுக்கு இருந்த ஆர்வம் நமக்கு ஏன் இல்லாமல் போனது?

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது கஃப் மரம். அமீரகத்தின் தேசிய மரம் அது. 2019ஐ சகிப்புத்தன்மை ஆண்டு என்று அறிவித்தபோது இதையே அதற்குச் சின்னமாக வைத்தார்கள். துபாயின் முஷ்ரிஃப் பூங்காவில் தோப்பாகவே நிற்கிறது. அது நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலின் தலமரம். பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்த மரம் என்று கதை கேட்டு வளர்ந்தோம். விஜயதசமியன்று நம் ஊர்க் கோயில்களில் அம்பு போடுவது இதற்குத்தான். ராஜஸ்தானில் கேஜ்ரி என்ற பெயரில் இதை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து நின்ற பிஷ்னோய் மக்கள் 363 பேர் 1730இல் கேஜர்லி கிராமத்தில் உயிரைக் கொடுத்தார்கள். பஹ்ரைனில் மணல்மேட்டில் தன்னந்தனியாகச் சுமார் 400 ஆண்டுகளாக நிற்கும் ‘வாழ்வின் மரம்’ இதே வன்னிதான். ஊரில் கோயிலுக்குள் சுற்றி வந்து கும்பிடும் மரத்தை இங்கே பூங்காவில் பார்த்து, “ஏதோ முள்ளு மரம்” என்று சொல்லிவிட்டு அதன் நிழலில் கோழியைச் சுடுகிறோம். அதன் வேரருகே கரி கொட்டக் கூடாது என்றுகூடத் தோன்றுவதில்லை. ராமநாதபுரத்தை மூடிய அதே சீமைக் கருவேலம் இந்த நாட்டிலும் பரவி வன்னியின் இடத்தைப் பிடித்து வருகிறது. இரண்டு மரங்களின் கதையையும் இரண்டு மண்ணிலும் பார்த்தவர்கள் நாம். நாம் பேசாமல் யார் பேசுவது?

அல் ஐன் சோலைக்குப் போய்ப் பாருங்கள். 2011இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவின் போக்கிலேயே கால்வாயில் கொண்டுவரும் ஃபலஜ் முறை அங்கே சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. நேரம் பிரித்து, முறை வைத்து ஒவ்வொரு பேரீச்சைத் தோப்புக்கும் தண்ணீர் திருப்புகிறார்கள். ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம், பார்த்ததும் புரியும். ஓமானின் சலாலாவில் தென்னையும் வாழையும் பப்பாளியும் நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தூறலில் அந்த மலையே பச்சையாகிறது. வெறும் மணல் என்று இந்தப் பகுதியை ஒற்றைச் சொல்லில் ஒதுக்குபவர்கள் தங்கள் கார் போகிற பாதையை மட்டுமே பார்த்தவர்கள்.

இந்த நகரங்களின் பச்சை எல்லாம் யார் கைவேலை என்றும் நாம் யோசிப்பதில்லை. குளிர்காலம் தொடங்கும்போது சாலை நடுவில் பெட்டூனியாப் பூக்களை வரிசையாக நட்டு, வெயில் ஏறும்போது பிடுங்கிப்போட்டு, மறுபடியும் மறுவருடம் நடுகிறவர்கள் வங்காளதேசத்தையும் பாகிஸ்தானையும் நேபாளத்தையும் நம் நாட்டையும் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் நம் டெல்டாக்காரர்களும் உண்டு. எங்கள் பகுதிப் பூங்காவில் வேலை செய்யும் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர்தான் எனக்குப் பாதிப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். “வேர்ல ஊத்துங்கக்கா, இலைல ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு கருகிடும்” என்பார். சொந்த நிலத்தில் நடவு பார்க்க வேண்டிய கை அது. வாய்க்காலில் தண்ணீர் வராத வருடங்கள் அவரை இங்கே கொண்டுவந்து விட்டன.

ஒரு முறை ஷார்ஜாவின் சாஜா பக்கம் தொழிலாளர் கேம்ப் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஓர் அறையில் எட்டுப் பேர். அந்த அறைக்கும் மதில்சுவருக்கும் நடுவே இருந்த நடக்கிற அகல இடத்தில் பாத்தி கட்டி, தண்டுக்கீரையும் மிளகாயும் சுரைக்கொடியும் வைத்திருந்தார்கள். பந்தலுக்குப் பழைய கம்பி, தொட்டிக்குப் பெயின்ட் டின், நீருக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர். பன்னிரண்டு மணி நேர உழைப்புக்குப் பிறகு அவர்கள் அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். மூன்று படுக்கையறை பிளாட்டிலும், மணல் சும்மா கிடக்கும் வில்லாவிலும் இருந்துகொண்டு நேரமில்லை, இடமில்லை என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வருகிறது?

சரி, ஊரிலாவது வைக்கிறோமா? வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகளை ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் கன்னியாகுமரியிலும் தெருத் தெருவாகப் பார்க்கலாம். பழைய வீட்டின் முருங்கையையும் கொய்யாவையும் கிணற்றடி வாழையையும் வெட்டித் தள்ளிவிட்டு, மதில் முதல் மதில் வரை பேவர் பிளாக் கல் பதித்திருக்கும். “குப்பை விழும், கூட்ட ஆள் இல்லை” என்பார்கள். தரை முழுக்க மூடினால் மழைநீர் எங்கே போகும் என்பதை 2024 ஏப்ரலில் இங்கேயே கண்ணால் கண்டோம். ஏப்ரல் 16 அன்று அல் ஐன் வட்டாரத்தின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1949இல் பதிவுகள் தொடங்கிய பிறகு அப்படியொரு மழை இல்லை. ஷார்ஜாத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இடுப்பளவு நீரில் நடந்து பால் வாங்கிய பிறகும், அந்த வருட லீவில் ஊருக்குப் போய் முற்றத்தை மூடிக் கல் பதித்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அறுபது வயதில் முட்டிவலியோடு போய் இறங்கும்போது, தோட்டம் வைக்க மிச்சம் வைத்திருப்பது எந்த மண்ணில்?

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் வருவது இங்கே வருடத்தின் மிக நல்ல பருவத்தில். ஹோட்டல் அரங்கில் ஏசி போட்டுப் பிளாஸ்டிக் தோரணம் கட்டி, விமானத்தில் வந்த கரும்பை மேடையில் சாய்த்துவைத்துக் கொண்டாடுகிறோம். பட்டிமன்றமும் நட்சத்திர விருந்தினரும் இருக்கட்டும். அதே வாரம் ஒரு காலையில் முஷ்ரிஃபின் வன்னித் தோப்புக்கோ வாசித்தின் நீர்க்கரைக்கோ பிள்ளைகளைக் கூட்டிப்போய், ஆளுக்கொரு மரத்தையும் ஒரு பறவையையும் பெயர் சொல்லிப் பழக்க என்ன செலவாகிவிடும்? வீட்டுக்கு வீடு ஒரு பிடி கீரை விதை கொடுத்து, யார் வீட்டில் நன்றாக வந்தது என்று தை முதல் நாள் காட்டச் சொல்லுங்கள். விளைந்ததை வைத்துக் கொண்டாடுவதுதானே அந்தப் பண்டிகை?

ஊரில் வைக்கப்போகும் தோட்டத்தை நான் மறுக்கவில்லை. அந்தக் கனவுதான் பலரை இங்கே ஓடவைக்கிறது. ஆனால் இருபத்தைந்து வருடம் மண்ணைத் தொடாத கைக்கு அறுபதாவது வயதில் திடீரென்று தோட்டம் வராது. நடக்காத காலுக்கு வரப்பும் வசப்படாது. ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: வருகிற ஐப்பசியில் ஒரு தொட்டி மண் கலந்து வெந்தயத்தைத் தூவுங்கள். ஏசித் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள். மாதத்தில் ஒரு விடுமுறைக் காலையாவது பிள்ளைகளோடு வன்னி நிழலில் நடங்கள். உங்கள் கட்டடத்தில் தொட்டி வைக்கக் கூடாது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய் மாடியைக் கேளுங்கள். விசா முடிந்து கிளம்பும் நாளில் அந்தச் செடியை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள். நானே வாங்கிக்கொள்கிறேன்.